கிரேஸ் அனாட்டமி 22ஆம் சீசன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க மருத்துவத் தொடரான கிரேஸ் அனாட்டமி அடுத்த சீசனோடு திரும்பி வருகிறது என்றாலே எனக்குக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது, நாயகி மெரிடித் இருக்கிறாரா இல்லையா, ஆபரேஷன் உண்மையிலேயே இப்படித்தான் நடக்குமா என்று ஏறக்குறைய எல்லாரும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். இத்தனை வருடமாக ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட வாக்கிலேயே விட்டிருக்கிறேன்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய சீசன்களின் மரணங்களும் திருப்பங்களும் இங்கே மறைக்கப்படவில்லை. 22ஆம் சீசனுக்குள் என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்லப்போவதில்லை.

இது என்ன கதை? பேரைப் பார்த்தா பாடப்புத்தகம் மாதிரி இருக்கே?

பெயர் பாடப்புத்தகத்திலிருந்து வந்ததுதான். ஹென்றி கிரே என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் எழுதி 1858இல் வெளிவந்த உடற்கூறியல் நூலை மருத்துவ மாணவர்கள் இன்றும் ‘கிரேஸ் அனாட்டமி’ என்றுதான் சொல்கிறார்கள். தொடரின் நாயகி மெரிடித் கிரே. ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டு கிரேக்களுக்கும் ஓர் எழுத்து மாறும், காதுக்கு இரண்டும் ஒன்றுதான். தொடரை உருவாக்கிய ஷோண்டா ரைம்ஸ் அந்தச் சிலேடையையே தலைப்பாக வைத்துவிட்டார்.

முதல் எபிசோடு 2005 மார்ச் 27 அன்று அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் வந்தது. சியாட்டில் நகரத்து மருத்துவமனை ஒன்றில் ஐந்து பேர் அறுவைச் சிகிச்சைப் பயிற்சிக்குச் சேர்கிறார்கள். அவர்களில் ஒருவர் மெரிடித், அவர் அம்மா எல்லிஸ் கிரே நாடறிந்த சர்ஜன். அந்த அம்மாவுக்கு அல்சைமர் வந்துவிட்டது, மகள் அதை வெளியே சொல்லாமல் வேலைக்கு வருகிறார். காதல், பொறாமை, விபத்து எல்லாம் உண்டு. ஆனால் என்னைக் கேட்டால் இது ஆசிரியர்களும் மாணவர்களும் பற்றிய கதை. கை நடுங்க வந்து நின்ற ஒருவர், வருடங்கள் போனபின் இன்னொருவரின் நடுங்கும் கையில் கத்தியைக் கொடுக்கிறார். 22 சீசனுக்கும் அடியில் ஓடும் நூல் அதுதான் என்று நம்புகிறேன். கீழே பல பதில்களில் மறுபடி இந்த இடத்துக்கே வருவேன்.

புது சீசன் எப்ப ஆரம்பிச்சது, எங்க பாக்கலாம்?

22ஆம் சீசன் 2025 அக்டோபர் 9, வியாழக்கிழமை தொடங்கியது. ஏபிசியில் வியாழன் இரவு 10 மணிக்கு வரும், மறுநாள் ஹுலுவில் கிடைக்கும். அமெரிக்காவுக்கு வெளியே பல நாடுகளில் டிஸ்னி பிளஸ் மூலம் வருகிறது. வெளியாகும் தேதி நாட்டுக்கு நாடு மாறும்.

டிசம்பரில் “நின்னு போச்சா?” என்று ஒரு கூட்டம் கேட்கும். நிற்கவில்லை. இலையுதிர் காலத்தில் தொடங்கி, ஆண்டுக் கடைசியில் இடைவெளி விட்டு, புத்தாண்டுக்குப் பிறகு தொடர்ந்து, மே மாதத்தில் முடிப்பது இந்தத் தொடரின் வழக்கம்.

முன்னெல்லாம் ஒரு சீசனுக்கு 24, 25 எபிசோடு வருமே?

ஆமாம், இரண்டாம் சீசனில் 27 வந்தது. நான்காம் சீசன் 17இல் நின்றதற்கு 2007-08 எழுத்தாளர் வேலைநிறுத்தம் காரணம். 16ஆம் சீசனைக் கொரோனா 21இல் வெட்டிவிட்டது. 20ஆம் சீசனில் வெறும் 10தான். 2023 மே மாதம் எழுத்தாளர்களும் ஜூலையில் நடிகர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், நவம்பரில்தான் எல்லாம் முடிந்தது. அதனால் அந்த சீசன் 2024 மார்ச் 14 அன்றுதான் தொடங்க முடிந்தது. 21ஆம் சீசனில் 18.

அய்யோ, இருபத்தொரு சீசனா! எல்லாத்தையும் பார்த்தாத்தான் புரியுமா?

21ஆம் சீசன் முடியும்போது 448 எபிசோடு. ஒன்றுக்கு 42 நிமிடம் வைத்தாலும் 313 மணி நேரம் ஆகிறது. தூங்காமல் பார்த்தால் 13 நாள். புதிதாக வருகிறவரிடம் எல்லாவற்றையும் பாருங்கள் என்று நான் சொல்வதில்லை.

முதல் மூன்று சீசனைப் பாருங்கள். 61 எபிசோடு வரும். அவை மூன்றும் சேர்ந்து மெரிடித்தின் முதலாண்டுப் பயிற்சியை மட்டுமே சொல்கின்றன. மூன்றாம் சீசன் முடிவில் முதலாண்டுத் தேர்வு வருகிறது, கூட இருக்கும் ஜார்ஜ் அதில் தோற்றுப்போகிறார். அந்த ஓர் ஆண்டை உடனிருந்து பார்த்துவிட்டால் தொடரின் சுவாசம் பிடிபட்டுவிடும். அதன்பிறகு நேராக 19ஆம் சீசனுக்குத் தாவலாம். அங்கே புதிதாக ஐந்து பயிற்சி மருத்துவர்கள் வருகிறார்கள், மெரிடித் ஆசிரியர் இடத்தில் நிற்கிறார். அவர்களில் லூக்காஸ் ஆடம்ஸ், மெரிடித்தின் கணவரும் மூளை சர்ஜனுமான டெரெக் ஷெப்பர்டின் சகோதரி மகன். டெரெக் எப்படிப்பட்டவர் என்று முதல் மூன்று சீசனில் தெரிந்துகொண்டிருப்பீர்கள். நடுவில் விட்டதற்கு இந்தப் பக்கத்தின் மற்ற பதில்கள் ஓரளவு கைகொடுக்கும்.

போன சீசன் எங்க முடிஞ்சது? மறந்தே போச்சு.

2025 மே 15 அன்று வந்த கடைசி எபிசோடில் ஆபரேஷன் தியேட்டர்கள் இருக்கும் தளத்தில் வெடிப்பு. எலும்பு சர்ஜன் லிங்க் உள்ளே ஆபரேஷனில் இருந்தார். அவர் மனைவி ஜோ அப்போது இரட்டைக் குழந்தைகளோடு கர்ப்பமாக இருக்கிறார். யார் பிழைத்தார் என்று காட்டாமல் திரையை இருட்டாக்கிவிட்டார்கள். 22ஆம் சீசன் அந்த இடத்திலிருந்தே தொடர்கிறது.

இன்டர்ன், ரெசிடென்ட், அட்டெண்டிங்னு சொல்றாங்களே, யாருக்கு மேல யார்?

இது புரிந்தால் பாதிக் கதை புரியும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அமெரிக்காவில் பள்ளி முடித்து நான்கு ஆண்டு கல்லூரி, அதன்பிறகு நான்கு ஆண்டு மருத்துவக் கல்லூரி. அங்கிருந்து வெளியே வரும்போது அவர் டாக்டர், ஆனால் தனியாக ஆபரேஷன் செய்ய முடியாது. பொது அறுவைச் சிகிச்சைக்கு மருத்துவமனையில் ஐந்து ஆண்டு பயிற்சி எடுக்க வேண்டும். மூளை அறுவைச் சிகிச்சை என்றால் ஏழு. அந்தப் பயிற்சிக் காலம் முழுவதும் அவர் ரெசிடென்ட். அதில் முதல் ஆண்டில் இருப்பவரைத்தான் இன்டர்ன் என்கிறார்கள். கடைசி ஆண்டில் இருந்துகொண்டு மற்றவர்களை மேய்ப்பவர் சீஃப் ரெசிடென்ட். முடித்தபின் ஒரு குறிப்பிட்ட துறையில் ஆழப் போகிறவர் ஃபெலோ. எல்லாம் முடித்து, நோயாளிக்கு முழுப் பொறுப்பேற்பவர் அட்டெண்டிங்.

எந்த மருத்துவமனையில் பயிற்சி என்பதை மாணவர் மட்டும் முடிவு செய்ய முடியாது. அவர் விரும்பும் மருத்துவமனைகளை வரிசைப்படுத்திக் கொடுப்பார், மருத்துவமனைகளும் தங்களுக்கு வேண்டியவர்களை வரிசைப்படுத்தும், கணினி இரண்டையும் பொருத்தும். அதற்கு ‘மேட்ச்’ என்று பெயர், முடிவு ஒவ்வொரு மார்ச் மாதமும் வரும். தொடரில் உடையை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கலாம். வெளிர்நீல ஸ்க்ரப்ஸ் போட்டிருந்தால் பயிற்சியில் இருப்பவர், கருநீலம் என்றால் அட்டெண்டிங். ஒருவர் வெளிர்நீலத்திலிருந்து கருநீலத்துக்கு மாறும் நாளில் எனக்கு இன்றும் கண் கலங்கும்.

முதல் எபிசோடுல 48 மணி நேரம் டியூட்டின்னு சொல்றாங்க. நிஜமாவா?

கதை நடக்கும் 2005இலேயே அது விதிமீறல். பயிற்சி மருத்துவர்களுக்கு வாரம் 80 மணி நேரம்தான் உச்சவரம்பு என்று 2003 ஜூலையில் அமெரிக்கா முழுவதும் விதி வந்துவிட்டது. தொடர்ந்து வேலை பார்ப்பதற்கும் 24 மணி நேரம், ஒப்படைக்கும் வேலைகளுக்குக் கூடுதலாகச் சில மணி நேரம் என்று எல்லை வைத்தார்கள்.

இந்த விதிக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1984இல் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் 18 வயதுப் பெண் இறந்துபோனார். அன்றிரவு அவரைப் பார்த்தவர்கள் ஓய்வில்லாமல் நீண்ட நேரம் வேலை பார்த்துக்கொண்டிருந்த பயிற்சி மருத்துவர்கள். பெண்ணின் தந்தை விடாமல் போராடினார். 1989இல் நியூயார்க் மாநிலம் பணிநேர வரம்பைக் கொண்டுவந்தது, பிறகுதான் நாடு முழுவதும் வந்தது. தூக்கமில்லாத இன்டர்ன்களைத் தொடர் வீரர்கள் போலக் காட்டும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண் நினைவுக்கு வருகிறார்.

ஆஸ்பத்திரி பேரு ஏன் மாறிட்டே இருக்கு?

மூன்று பெயர், கட்டடம் ஒன்றுதான். முதலில் சியாட்டில் கிரேஸ். ஆறாம் சீசனில் மெர்சி வெஸ்ட் என்ற இன்னொரு மருத்துவமனையோடு இணைந்ததும் சியாட்டில் கிரேஸ் மெர்சி வெஸ்ட் ஆனது. எட்டாம் சீசன் இறுதியில் மருத்துவர்கள் சென்ற விமானம் காட்டில் விழுகிறது. மெரிடித்தின் தங்கை லெக்ஸி கிரே அங்கேயே இறக்கிறார், சக சர்ஜன் மார்க் ஸ்லோன் பிறகு மருத்துவமனையில் இறக்கிறார். தப்பித்தவர்கள் வழக்குத் தொடுத்து நஷ்டஈடு வாங்க, அதைக் கொடுத்த மருத்துவமனை திவாலாகும் நிலைக்கு வருகிறது. ஒன்பதாம் சீசனில் அதே மருத்துவர்கள், ஓர் அறக்கட்டளையின் துணையோடு, அந்தப் பணத்தைப் போட்டு மருத்துவமனையை வாங்கி, இறந்த இருவர் பெயரையும் சேர்த்து கிரே ஸ்லோன் மெமோரியல் என்று வைக்கிறார்கள். பெயர்ப் பலகையே ஒரு நினைவுக்கல். புதிய சீசனில் அந்தப் பெயரை யாராவது சாதாரணமாகச் சொல்லும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மெரிடித் போயிட்டாங்கன்னு சொன்னாங்க. ஆனா குரல் மட்டும் கேக்குதே?

முழுதாகப் போகவில்லை. 19ஆம் சீசனில் மெரிடித் அல்சைமர் ஆராய்ச்சிக்காக பாஸ்டனுக்கு இடம் மாறுகிறார். அம்மாவைக் கொண்டுபோன நோய் என்பதால் கதைக்கு அது சரியான காரணம். நடிகை எலன் பாம்பியோ அப்போதிலிருந்து ஒரு சீசனில் சில எபிசோடுகளில் மட்டும் தோன்றுகிறார். தொடக்கத்திலும் முடிவிலும் வரும் பின்னணிக் குரல் பெரும்பாலும் அவருடையதுதான், செயல் தயாரிப்பாளர்களில் ஒருவராகவும் இருக்கிறார்.

குரல் மட்டும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில்: படித்து முடித்த ஒருவர் பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்லும் குரலாக அது மாறிவிட்டது. முன்பு தன் கதையைச் சொன்னார், இப்போது அடுத்தவர் கதைக்கு அருகில் நின்று பேசுகிறார்.

முதல் நாள்லேர்ந்து இருக்கிறவங்க வேற யாராவது?

இரண்டு பேர். மிராண்டா பெய்லியாக சாண்ட்ரா வில்சன், ரிச்சர்ட் வெப்பராக ஜேம்ஸ் பிக்கன்ஸ் ஜூனியர். மெரிடித்தோடு சேர்ந்த நால்வரில் ஜார்ஜ் பேருந்து மோதி இறந்தார், இஸ்ஸி ஆறாம் சீசனில் போனார், கிறிஸ்டினா பத்தாம் சீசன் முடிவில் சுவிட்சர்லாந்து போனார், அலெக்ஸ் 16ஆம் சீசனில் போனார்.

தங்கியவர்கள் யார் என்பதைக் கவனியுங்கள். வெப்பர் பெய்லிக்குக் கற்றுக்கொடுத்தவர், பெய்லி மெரிடித்துக்குக் கற்றுக்கொடுத்தவர். ஆசிரியர்கள்தான் தங்கியிருக்கிறார்கள்.

டெரெக்கை ஏன் சாகடிச்சாங்க? அது இல்லாம முடிச்சிருக்கலாமே?

2015 ஏப்ரல் 23 அன்று அந்த எபிசோடு வந்தது. அதன்பிறகு நான் இரண்டு மாதம் தொடரைத் தொடவில்லை. நடிகர் பாட்ரிக் டெம்ப்சி விலகினார், பாத்திரத்தை எப்படி அனுப்புவது என்ற கேள்வி வந்தது. மெரிடித்தை விட்டு டெரெக் தானாகப் போனார் என்று எழுதினால் அதுவரை நடந்த எல்லாம் பொய்யாகிவிடும் என்ற வாதம் எனக்கு நியாயமாகவே படுகிறது.

அவர் எப்படி இறந்தார் என்பதுதான் முக்கியம். சாலை விபத்தில் அடிபட்டவர்களைக் காப்பாற்றிவிட்டுக் கிளம்பும்போது லாரி மோதுகிறது. பெரிய விபத்துகளைச் சமாளிக்கும் வசதி இல்லாத சிறிய மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். தலைக்கு சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று அங்கிருந்த பயிற்சி மருத்துவர் பென்னி சொல்கிறார், மேலே இருப்பவர் கேட்கவில்லை. மூளை சர்ஜன் வந்து சேரும்போது நேரம் கடந்துவிடுகிறது. ஊரிலேயே சிறந்த மூளை சர்ஜன், தனக்கு வேண்டிய பரிசோதனை எது என்று மனதுக்குள் தெரிந்தும் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் படுத்திருக்கிறார்.

அடுத்த சீசனில் அதே பென்னி, மெரிடித்தின் மருத்துவமனைக்கே பயிற்சிக்கு வருகிறார். கணவர் சாகும்போது அங்கிருந்த பெண்ணுக்கு மெரிடித் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும். முதல் பதிலில் சொன்ன நூல் இந்த இடத்தில் அறுந்துபோகும் அளவுக்கு இழுபடுகிறது, ஆனாலும் அறுவதில்லை. டெரெக் இறந்த எபிசோடை விட இதற்குத்தான் நான் திரும்பத் திரும்பப் போகிறேன்.

செத்தவங்க எல்லாம் கடற்கரையில நடக்கிறாங்களே, அது எந்த சீசன்?

17ஆம் சீசன், 2020 நவம்பர் 12இல் தொடங்கியது. மெரிடித்துக்குக் கொரோனா வந்து நினைவிழந்து கிடக்கும்போது மனதுக்குள் ஒரு கடற்கரை தோன்றுகிறது. டெரெக், ஜார்ஜ், லெக்ஸி, மார்க் எல்லாரும் அங்கே வருகிறார்கள். பேய்க்கதை அல்ல, அவர் பிழைப்பதா போவதா என்று தனக்குள் நடத்தும் பேச்சு. முதல்முறை பார்க்கிறவர்கள் இதிலிருந்து தொடங்க வேண்டாம், அந்த முகங்களைத் தெரியாமல் பார்த்தால் ஒன்றும் உறைக்காது.

2020 மார்ச்சில் படப்பிடிப்பு நின்றபோது, படத்துக்காக வாங்கி வைத்திருந்த மருத்துவ கவுன்களையும் கையுறைகளையும் உண்மையான மருத்துவமனைகளுக்கு இந்தக் குழு கொடுத்துவிட்டது. நிஜ மருத்துவமனைகளில் அவை இல்லாமல் தவித்த நேரம் அது.

ஸ்டேஷன் 19, பிரைவேட் பிராக்டிஸ் எல்லாமும் பார்க்கணுமா?

கட்டாயம் இல்லை. பிரைவேட் பிராக்டிஸ், டெரெக்கின் முன்னாள் மனைவி அடிசன் லாஸ் ஏஞ்சலஸ் போனபின் நடப்பது, 2007 முதல் 2013 வரை ஓடியது. தீயணைப்பு வீரர்கள் பற்றிய ஸ்டேஷன் 19, 2018 முதல் 2024 வரை. 16, 17ஆம் சீசன்களைப் பார்க்கும்போது மட்டும் ஒரு சிக்கல் வரும். பல கதைகள் ஸ்டேஷன் 19இல் தொடங்கி இங்கே முடியும். டெலூக்கா என்ற மருத்துவர் கத்திக்குத்து வாங்குவது அங்கே, அதன்பிறகு நடப்பது இங்கே. அந்த எபிசோடுகளை மட்டும் சேர்த்துப் பாருங்கள்.

இதுல காட்டுற வைத்தியம் எல்லாம் உண்மைதானா?

சொற்களும் கருவிகளும் பெரும்பாலும் சரி, வேகமும் கணக்கும் தப்பு. குழுவில் மருத்துவம் தெரிந்தவர்கள் உண்டு. எழுத்தாளராகவும் தயாரிப்பாளராகவும் பணியாற்றிய ஜோயான் கிளாக் அவசர சிகிச்சை மருத்துவர். ஆபரேஷன் காட்சிகளில் கருவி எடுத்துக்கொடுக்கும் பாக்கி என்ற நர்ஸ் நிஜ வாழ்விலும் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ்.

கணக்கு தப்பு என்று சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. 2018இல் வந்த ஓர் ஆய்வு, தொடரின் 269 எபிசோடுகளில் வந்த 290 விபத்து நோயாளிகளை, அமெரிக்கத் தேசியப் பதிவேட்டில் 2012ஆம் ஆண்டுக்குரிய 4,812 நிஜ நோயாளிகளோடு ஒப்பிட்டது. தொடரில் 22 சதவீதம் பேர் இறந்தார்கள், நிஜத்தில் 7 சதவீதம். தொடரில் 71 சதவீதம் பேர் அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து நேராக ஆபரேஷனுக்குப் போனார்கள், நிஜத்தில் 25. இதைவிட எனக்குக் கவலை தருவது இன்னொரு எண். பலத்த காயத்தோடு பிழைத்தவர்களில் தொடரில் பாதிப்பேர் ஒரு வாரத்துக்குள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், நிஜத்தில் 20 சதவீதம்தான் அப்படிப் போகிறார்கள். நடக்கப் பழகுவது, கை விரல் மடக்கப் பழகுவது என்று மாதக்கணக்கில் போகும் காலத்தைத் திரை காட்டுவதே இல்லை. அதனால் நிஜத்தில் அந்தக் காலத்தில் இருக்கும் குடும்பங்கள், தங்களுக்கு மட்டும்தான் இவ்வளவு நாள் ஆகிறது என்று நினைத்துவிடுகிறார்கள்.

மானிட்டர்ல கோடு நேரா போனதும் ஷாக் குடுக்கிறாங்களே, அப்பிடித்தான் செய்வாங்களா?

இல்லை. கோடு தட்டையாகிவிட்டால் இதயத்தில் மின் இயக்கமே இல்லை என்று பொருள், அதற்கு ஷாக் பயன்படாது. அப்போது செய்ய வேண்டியது மார்பை அழுத்துவதும் அட்ரினலின் கொடுப்பதும்தான். இதயத் தசை ஒழுங்கில்லாமல் துடிதுடிக்கும்போது, அந்தக் குழப்பத்தை நிறுத்தி ஒழுங்குக்குக் கொண்டுவரத்தான் ஷாக். மருத்துவத் தொடர்கள் பலவும் இந்தத் தப்பைச் செய்கின்றன, இதுவும் விலக்கல்ல.

மார்பை அழுத்துவதையும் திரையைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டாம். எதிரில் படுத்திருப்பவர் உயிருள்ள நடிகர், நிஜமாக அழுத்தினால் விலா எலும்பு முறியும், அதனால் முழங்கையை மடக்கி மெதுவாகத்தான் அழுத்துவார்கள். நிஜத்தில் கை நேராக இருக்க வேண்டும், பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டராவது உள்ளே போக வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒரு நாள் நேரடிப் பயிற்சி கிடைத்தால் கட்டாயம் போய்வாருங்கள்.

ஒரே டாக்டர் ரத்தம் எடுக்கிறார், ஸ்கேன் பாக்கிறார், ஆபரேஷனும் பண்றாரே?

திரையில் முகங்கள் குறைவு, அதனால் எல்லா வேலையும் அவர்கள் தலையில். நிஜத்தில் ரத்தம் எடுப்பவர், ஸ்கேன் எடுப்பவர், அதைப் படித்துச் சொல்பவர், மயக்க மருந்து கொடுப்பவர், ஆபரேஷனுக்குப் பின் இரவெல்லாம் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் எல்லாரும் வேறு வேறு ஆட்கள். நர்ஸ்களையும் மயக்க மருந்து நிபுணர்களையும் பேசாத பின்னணியாக வைத்தது இந்தத் தொடர் செய்த பெரிய குறை என்றே நினைக்கிறேன். 22 சீசன் ஆகியும் அது முழுதாகச் சரியாகவில்லை.

இஸ்ஸி அந்த ஒயரை வெட்டினாளே, நிஜத்துல என்ன ஆகும்?

இரண்டாம் சீசன் முடிவு. டென்னி என்ற நோயாளிக்கு இதயமாற்று வேண்டும். எல்வாட் என்ற கருவி இதயத்தின் இடதுபக்க வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. வேறொருவர் பட்டியலில் 17 விநாடி முன்னால் சேர்ந்ததால் வந்த இதயம் அவருக்குப் போக இருக்கிறது. டென்னியின் நிலை மோசமானால் முன்னுரிமை கிடைக்கும் என்று இஸ்ஸி அந்தக் கருவியின் ஒயரை வெட்டுகிறார்.

அமெரிக்காவில் உறுப்புகளைப் பகிர்வது யூனோஸ் என்ற அமைப்பு நடத்தும் தேசியப் பட்டியல் வழியாகத்தான். அப்போது இதயத்துக்கு 1ஏ, 1பி, 2 என்று அவசர நிலைகள் இருந்தன, மோசமானவருக்கு முதலிடம் என்பது உண்மை. மற்றதெல்லாம் குற்றம். நோயாளியின் உயிரைப் பணயம் வைத்து, பட்டியலை ஏமாற்றிய மருத்துவரின் பயிற்சி அன்றோடு முடிந்திருக்கும், வழக்கும் வந்திருக்கும். அவர் திரும்ப வேலைக்கு வந்ததை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. அந்த இதயம் கிடைக்காமல் போன மற்ற நோயாளி ஐந்தாம் சீசனில் திரும்ப வந்தபிறகும் இஸ்ஸிக்குத் தண்டனை எதுவும் கிடைக்கவில்லை என்பது அதைவிடப் பெரிய குறை.

அப்ப இதைப் பார்த்து ஒண்ணுமே கத்துக்க முடியாதா?

முடியும், அதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். 2008இல் ஓர் எபிசோடில் எச்ஐவி உள்ள கர்ப்பிணி வருகிறார். சரியான சிகிச்சை எடுத்தால் குழந்தைக்குத் தொற்று வராமல் பிறக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு உண்டு என்று மருத்துவர் சொல்கிறார். கைசர் குடும்ப அறக்கட்டளை ஆய்வு நடத்தியது. எபிசோடுக்கு முன்பு இதைச் சரியாகத் தெரிந்து வைத்திருந்த பார்வையாளர்கள் 15 சதவீதம், ஒரு வாரம் கழித்து 61, ஆறு வாரம் கழித்தும் 45. அந்தச் செய்தியைச் சேர்க்கச் சொல்லி எழுத்தாளர்களோடு உட்கார்ந்து பேசியதும் அதே அறக்கட்டளைதான்.

எபிசோடு பேரெல்லாம் பாட்டுப் பேரா?

ஏறக்குறைய எல்லாமே. 14ஆம் சீசனில் ஒன்று மட்டும் தொலைபேசி எண். வீட்டில் வன்முறைக்கு ஆளாகிறவர்களுக்கான அமெரிக்கத் தேசிய உதவி எண் அது. ஜோவை அடித்த முன்னாள் கணவன் வரும் எபிசோடுக்கு அதைவிடப் பொருத்தமான தலைப்பு இல்லை.

பழைய மாதிரி இல்லையே, இன்னும் எதுக்கு இழுக்கிறாங்க?

நீளத்தில் அமெரிக்காவின் ஈஆர் தொடரை (15 சீசன், 331 எபிசோடு) 2019 பிப்ரவரியிலேயே தாண்டிவிட்டது. உலக அளவில் இரவு நேர மருத்துவத் தொடர்களில் பிரிட்டனின் கேஷுவால்டி இதைவிட மூத்தது, 1986இலிருந்து வருகிறது. எனவே நீளம் மட்டும் குற்றமில்லை.

பழையது போல இல்லை என்பது உண்மை. விபத்து மேல் விபத்து என்று அடுக்குவது எனக்கும் சலிக்கிறது. வெடிகுண்டு, துப்பாக்கிச் சூடு, விமானம், இப்போது வெடிப்பு என்று ஒரே மருத்துவமனைக்கு எத்தனைதான் வரும்? ஆனால் 18ஆம் சீசனில் மருத்துவர் பற்றாக்குறையைச் சமாளிக்க வெப்பர் அவசரமாகக் கொண்டுவந்த பயிற்சி முறையில் ஒரு நோயாளி இறந்து, பயிற்சித் திட்டமே மூடப்பட்டதைப் பாருங்கள். கற்றுக்கொடுப்பது தப்பினால் என்ன ஆகும் என்று அங்கே நேராகக் கேட்டார்கள். அடுத்த சீசனில் வேறு இடங்கள் ஒதுக்கித் தள்ளிய மாணவர்களை வைத்துத் திட்டத்தைத் திரும்பத் தொடங்குகிறார்கள். 20ஆம் சீசனிலிருந்து தொடரை நடத்தும் மெக் மரினிஸ் இந்த மாணவர்களை விட்டுவிடவில்லை. இவர்களில் மிக்காவும், இவர்களுக்கு மூத்த லீவை ஷ்மிட் என்ற மருத்துவரும் 21ஆம் சீசனில் போனது இழப்புதான், ஆனால் ஐவரில் மீதமுள்ள சிமோன், புளூ, ஜூல்ஸ், லூக்காஸ் நால்வரையும் இந்த சீசனில் கவனித்துப் பாருங்கள். வெடிப்பில் யார் போனார் என்பதைவிட, அதற்குப் பிறகு இவர்களில் யார் கை நடுங்காமல் நிற்கிறார் என்பதை.

என் பொண்ணு இதைப் பார்த்துட்டு சர்ஜன் ஆகப்போறேன்னு சொல்றா. என்ன பதில் சொல்ல?

தடுக்காதீர்கள், ஆனால் மேலே சொன்ன ஆண்டுக் கணக்கை அவளோடு உட்கார்ந்து ஒருமுறை போடுங்கள். அமெரிக்க வழியில் 18 வயதில் கல்லூரி சேர்ந்தால் பொது அறுவைச் சிகிச்சை முடிக்கும்போது 31, மூளை அறுவைச் சிகிச்சை என்றால் 33. அதில் ஐந்தோ ஏழோ ஆண்டுகள் வாரத்துக்கு 80 மணி நேரம் வரை.

அப்புறம் அவளிடம் ஒன்று கேளுங்கள்: தொடரில் எந்தக் காட்சி பிடிக்கும்? ஆபரேஷன் முடிந்து எல்லாரும் கைதட்டும் காட்சி என்று சொன்னால் கொஞ்ச நாள் பொறுத்துப் பாருங்கள். பெய்லி ஒரு இன்டர்னைப் பக்கத்தில் நிறுத்தி, தையல் போட்டதைப் பிரித்து மறுபடி போடச் சொல்வது போன்ற காட்சிகள் பிடிக்கும் என்று சொன்னால், நல்ல உடற்கூறியல் புத்தகம் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.